தனித்து நடப்பவையும் சார்ந்து நடப்பவையும்

வியாபாரம் என்பது நாளையைப் பற்றிய கணிப்பு என்று சொன்னால் மிகையாகாது. எத்தனை மூட்டை வெங்காயம் போகும், எந்தக் கணக்கு வசூலாகும், எது நிலுவையில் நிற்கும், கடையில் வைத்த ஆள் நாணயமானவனா அல்லவா என்று கடை திறந்த நேரம் முதல் மூடும் நேரம் வரை நாம் கணித்துக்கொண்டேதான் இருக்கிறோம். தராசில் பிசகு இருந்தால் வாடிக்கைக்காரர் உடனே சொல்லிவிடுவார். மனக்கணக்கில் பிசகு இருந்தால் சொல்வதற்கு ஆள் கிடையாது. அந்தப் பிசகினால் நமது பணம் மட்டும் போனால் அது நஷ்டம்; பிறருடைய மானம் போனால் அது அநீதி. அப்படிப்பட்ட ஒரு பிசகைப் பற்றியே இங்கு எழுத முன்வந்தோம்.

நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் கற்றதும், பிறகு கல்லாவில் உட்கார்ந்து கற்றதுமே நமது கல்வி. சென்ற மாதம் ஓர் இரவு, நமது மகள் பள்ளிக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து, “அத்தா, இந்த ரெண்டு காரியமும் ஒண்ணை ஒண்ணு சார்ந்ததா, சாராததா?” என்று கேட்டாள். அந்தச் சிறு கேள்வி, சில வருஷங்களுக்கு முன் நாம் செய்த ஒரு தவற்றை நினைவில் கிளறிவிட்டது. அதைப் பின்னர் சொல்லுவோம். முதலில் கேள்வியை விளங்கிக்கொள்வோம்.

ஒரு காசைச் சுண்டிப் போடுகிறோம். தலை விழுவதற்கு 2 இல் 1 வாய்ப்பு. மறுபடி சுண்டினாலும் 2 இல் 1 தான். இரண்டு தரமும் தலையாகவே விழுவதற்கு, இரண்டையும் பெருக்கினால் 4 இல் 1 என்று வரும். முதல் தரம் என்ன விழுந்தது என்பது இரண்டாம் தரத்தை எள்ளளவும் பாதிப்பதில்லை. காசுக்கு ஞாபகம் கிடையாது. இவை ஒன்றையொன்று சாராத காரியங்கள். இவற்றுக்குத்தான் இப்படி நேராகப் பெருக்கும் உரிமை உண்டு.

இப்போது 30 முட்டைகள் உள்ள ஒரு தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 3 கூழ்முட்டை என்று வைத்துக்கொள்வோம். பார்க்காமல் ஒன்றை எடுத்தால் அது கூழாக இருப்பதற்கு 30 இல் 3, அதாவது 10 இல் 1. எடுத்தது கூழாகவே இருந்து, அதை அப்புறப்படுத்திவிட்டால் தட்டில் மிச்சம் 29. அதில் கூழ் 2. அடுத்தது கூழாக இருக்கும் வாய்ப்பு 29 இல் 2 ஆகக் குறைந்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டும் கூழாக வருவது 145 இல் 1. அவசரக்காரர் பத்தைப் பத்தால் பெருக்கி 100 இல் 1 என்பார்; அவர் கணக்குத் தவறு.

வெங்காய மூட்டையோ இதற்கு நேர் எதிர். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு அழுகலை எடுத்தால், அதை ஒட்டியிருந்த அடுத்ததும் அழுகியிருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஒன்றின் ஈரம் மற்றதைப் பற்றியிருக்கும்; அல்லது மழையில் நனைந்த தரையில் மூட்டை மொத்தமும் கிடந்திருக்கும்.

இந்த ஈரத்தரை விஷயத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இரண்டு காரியங்கள் சார்ந்திருப்பதற்கு, ஒன்று மற்றொன்றை நேராக உண்டாக்க வேண்டும் என்பதில்லை. குடை நிறைய விற்கும் நாளில் ஐஸ் தண்ணீர் விற்பதில்லை. குடை போய் ஐஸ் தண்ணீரைத் தடுத்ததா? இல்லை, இரண்டுக்கும் பின்னால் மழை நிற்கிறது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: ஒன்று நடந்த செய்தி, மற்றதைப் பற்றிய நமது கணிப்பை மாற்றுகிறதா? மாற்றாவிட்டால் தனித்தவை; மாற்றினால் சார்ந்தவை.

இதில் மனிதன் செய்யும் தவறு இரண்டு வகை. இல்லாத உறவை உண்டென்று நினைப்பது ஒன்று; உள்ள உறவை இல்லையென்று நினைப்பது மற்றொன்று.

முதல் வகை மிகப் பழமையானது. 1654 ஆம் ஆண்டு பிரெஞ்சு தேசத்துப் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரு அறிஞர்கள், சூதாடிகள் எழுப்பிய ஒரு கேள்வியைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்துதான் இந்தக் கணக்கு சாஸ்திரம் வளர்ந்தது. சூதிலிருந்து பிறந்த சாஸ்திரமே சூதாடியின் நம்பிக்கை வீண் என்று காட்டிக்கொடுத்தது வேடிக்கைதான். 1913 ஆகஸ்ட் 18 இல் மாண்டி கார்லோ சூதாட்ட விடுதியில், சுழல் சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 தரம் கறுப்பிலேயே விழுந்தது. பத்துப் பதினைந்து தரம் கறுப்பு விழுந்ததைக் கண்டவர்கள், “இனிச் சிவப்பு வந்தே தீரவேண்டும்” என்று சிவப்பின்மேல் பணத்தைக் கொட்டிப் பெருந்தொகை இழந்தார்கள். சக்கரத்துக்குக் கறுப்பும் தெரியாது, சிவப்பும் தெரியாது. யாருக்கும் அது கடன்பட்டிருக்கவில்லை.

சூது நமக்கு விலக்கப்பட்டது. ஆயினும் கடைவாசலில் நிற்பவர் பேச்சு நம் காதில் விழாமல் போவதில்லை. “அந்த நாலு நம்பர் ரொம்ப நாளா வரல, இந்த வாரம் விழுந்துடும்” என்பார் ஒருவர். சாலையில் விபத்தில் நசுங்கிய காரின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஓடுவார் இன்னொருவர். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். முதற்பரிசுக்கு ஒவ்வொன்றுக்கும் 10,000 இல் 1. காருக்கும் குலுக்கலுக்கும் என்ன சம்பந்தம்?

இவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் காலையில் போணி செய்யாமல் போன ஆளால்தான் அன்றைய வியாபாரம் மந்தமாயிற்று என்று முணுமுணுக்காத கடைக்காரர் நம்மில் எத்தனை பேர்? புது மருமகள் வீட்டுக்கு வந்த வருஷம் மிளகாய் விலை சரிந்து நஷ்டம் வந்தால், “அவ வந்த நேரம்” என்ற சொல் எத்தனை வீடுகளில் எழுந்திருக்கிறது? மிளகாய் விலை குண்டூர் விளைச்சலைப் பொறுத்தது. அந்தப் பெண் குண்டூரைக் கண்ணால் கண்டதில்லை. நிரபராதியான ஒரு பெண்ணின் கண்ணீர் அந்தச் சொல்லில் இருக்கிறது. லாட்டரிக்காரன் காரையும் குலுக்கலையும் முடிச்சுப் போட்டான். நாம் மருமகளையும் மிளகாயையும் முடிச்சுப் போட்டோம். அவனுக்குப் போனது சில வெள்ளி. நமக்குப் போனது நியாயம்.

இனி இரண்டாம் வகை. இது படித்தவர்களையும் கணக்குத் தெரிந்தவர்களையும் பிடிக்கும் தவறு.

2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நமது கடையிலிருந்து 12 சாப்பாட்டுக் கடைகளுக்கு அரிசி, வெங்காயம், மசாலைச் சாமான்கள் கடனுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரே ஆளுக்குப் பெருங்கடன் கொடுக்காமல் 12 பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம் என்று நமக்கு மனநிம்மதி. எந்தக் கணக்கும் 10 மாதத்தில் ஒரு மாதம் தவணை தவறக்கூடும் என்பது நமது அநுபவம். ஒரே மாதத்தில் பன்னிரண்டும் தவறுவதற்கு, பத்தைப் பன்னிரண்டு தரம் பெருக்கிப் பாருங்கள். லட்சம் கோடியில் ஒன்று என்று வரும். உலகம் முடியும்வரை நடக்காது என்று தூங்கலாம்.

அவ்வருஷம் மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம். உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அந்த ரமலானில் பசார்களும் இல்லை. பன்னிரண்டு கணக்கும் ஒரே மாதத்தில் நின்றன. லட்சம் கோடியில் ஒன்று நடந்துவிட்டதா? இல்லை. நமது பெருக்கல்தான் தவறு. பேரேட்டில் 12 பக்கங்கள் இருந்தன. ஆனால் பன்னிரண்டும் ஒரே தூணில் சாய்ந்திருந்தன. ஜனங்கள் வெளியே வந்து மேசையில் உட்கார்வார்கள் என்பதே அந்தத் தூண். தூண் விழுந்தபோது பன்னிரண்டும் சேர்ந்து விழுந்தன. நாம் பிரித்துக் கொடுத்ததாக நினைத்தது, ஒரே பெரிய கடனைப் பன்னிரண்டு பெயரில் எழுதிக்கொண்டதுதான்.

அப்போது சில நண்பர்கள், “எல்லாரும் ஒரே சமயத்துல கைய விரிக்கிறானுங்க, பேசி வச்சுக்கிட்டு ஏமாத்துறானுங்க” என்று கோபப்பட்டார்கள். பேசி வைத்தவர் யாருமில்லை. பொதுவான ஒரு காரணத்தால் விழுந்தவர்களை நாணயமில்லாதவர் என்பது, வெள்ளத்தில் நனைந்தவனைப் பார்த்து ஏன் குளித்தாய் என்று கேட்பதற்குச் சமம். தவணை கொடுத்தோம். பெரும்பாலோர் மெல்ல மெல்லத் தீர்த்தார்கள்.

சங்கங்களும் ஜமாஅத்துக்களும் நடத்தும் உதவி நிதிக்கும் இது பொருந்தும். நூறு பேர் சிறுகச் சிறுகப் போட்டு, கஷ்டப்பட்ட ஒருவருக்குக் கொடுப்பது எப்படிச் சாத்தியமாகிறது? ஒருவர் வீட்டுக் கஷ்டம் பெரும்பாலும் மற்றவர் வீட்டுக் கஷ்டத்தைச் சாராதிருப்பதால்தான். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வந்த வெள்ளம் போன்ற ஒன்று, போடுபவர் வீட்டிலும் வாங்குபவர் வீட்டிலும் ஒரே இரவில் புகுந்துவிட்டால் உண்டியல் யாருக்குப் போதும்? ஆகவே இத்தகைய நிதிகள் ஒரே தெருவுக்குள் அடங்கிவிடாமல், வேறு வேறு ஊர்களையும் தொழில்களையும் தழுவி நிற்பது நன்று.

இப்போது நமது தவற்றுக்கு வருவோம்.

2022 இல் நமது கடையில் கூலிம் பக்கத்துப் பையன் ஒருவன் வேலை பார்த்தான். ஜும்ஆ தொழுதுவிட்டுச் சங்கத்துக்குப் போய் அஸர் வரை இருந்து வருவது நமது வழக்கம். அந்த நேரத்தில் கல்லாவில் இருப்பவன் அவன். ஒரு மாதத்தில் அடுத்தடுத்து மூன்று வெள்ளிக்கிழமை கல்லாவில் பணம் குறைந்தது. முதலில் 40 வெள்ளி, பிறகு 60, பிறகு 50. நாம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கல்லா குறைவது 20 நாளில் ஒரு தரம் நடக்கக்கூடியது. அது அவன் இருக்கும் நாளிலேயே அடுத்தடுத்து மூன்று தரம் தற்செயலாக நடப்பதென்றால், இருபதை மூன்று தரம் பெருக்க 8000 இல் 1. எண்ணாயிரத்தில் ஒன்றை யார் நம்புவார்? ஆகவே அவன் எடுத்திருக்கிறான் என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவன் அழவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. “முதலாளி, என் முகத்தைப் பாக்காதீங்க, கணக்கைப் பாருங்க” என்று மட்டும் சொன்னான். கணக்கைத்தான் பார்த்துவிட்டோமே என்று நமக்கு எண்ணம். அந்த வாரமே சம்பளத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆள் இல்லாததால் ஜும்ஆ முடிந்து நேரே வந்து நாமே கல்லாவில் உட்கார்ந்தோம். இரவு எண்ணினால் 45 வெள்ளி குறைந்தது. திருடனைத் தேடுவதென்றால் இப்போது நமது சட்டைப்பையைத்தான் தேடவேண்டும்!

விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. தேங்காய் கொண்டுவருபவர் அந்த மாதம்தான் தமது வசூலை வெள்ளிக்கிழமைக்கு மாற்றியிருந்தார். நாம் தொழுகையில் இருக்கும்போது கடையைப் பார்த்துக்கொள்வதற்கு முறை வைத்து, முன்னதாகவே வேறு பள்ளியில் தொழுதுவிட்டு வரும் நமது மைத்துனர், பின்கட்டிலிருந்து வந்து கல்லாவில் எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டுச் சிட்டையைத் தம் பையில் வைத்துக்கொள்வார். மறுநாள் ஆற அமரப் பேரேட்டில் சனிக்கிழமைச் செலவாக எழுதுவார். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குறைந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே தொகை கூடியது. சனிக்கிழமை கூடியதைப் பரக்கத் என்று எண்ணிக்கொண்டோம்; வெள்ளிக்கிழமை குறைந்ததைத் திருட்டு என்று எண்ணிக்கொண்டோம். கூடியதற்குக் காரணம் கேட்கவேண்டும் என்று நமக்குத் தோன்றவேயில்லை.

மூன்று குறைவும் மூன்று தனிக் காரியங்களல்ல. ஒரே காரியம் மூன்று தரம் முகம் காட்டியது. முதல் வெள்ளிக்கிழமை குறைந்தபோதே, அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் குறைவது அநேகமாக நிச்சயமாகிவிட்டது. எண்ணாயிரத்தில் ஒன்று என்ற எண் பொய் எண். அந்தப் பொய் எண்ணைச் சாட்சியாக நிறுத்தி ஒரு பையனைத் திருடனாக்கினோம்.

இது நம்மைப் போன்ற கடைக்காரர் மட்டும் செய்யும் தவறு என்று எண்ணவேண்டாம். இங்கிலாந்தில் ஸாலி கிளார்க் என்ற வழக்கறிஞர் மாதுக்குப் பிறந்த இரு ஆண் குழந்தைகள், 1996 இலும் 1998 இலும் சில வாரங்களே வாழ்ந்து இறந்துபோயின. தாயே கொன்றாள் என்று வழக்கு. அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் தொட்டிலில் இறப்பது 8,543 இல் 1. இரண்டு இறப்பதற்கு அதை அதனாலேயே பெருக்கவேண்டும், ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் 1 என்று பெயர்பெற்ற குழந்தை வைத்திய நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார். 1999 நவம்பரில் அந்தத் தாய் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. ஆயுள் தண்டனை விதித்தார்கள்.

அண்ணன் தம்பி இருவர். ஒரே தாய் தந்தை, ஒரே இரத்தம், ஒரே வீடு. ஒரு குழந்தையின் உடலில் பரம்பரையாக ஒரு பலவீனம் இருந்தால் அடுத்ததற்கும் இருக்கக்கூடாதா? பெருக்குவதற்கு முன் இதை நிறுத்திக் கேட்டிருக்கவேண்டும். மேலும் ஒரு நுட்பம் உண்டு. இரு குழந்தைகள் தாமாக இறப்பது அபூர்வம் என்றால், ஒரு தாய் தன் இரு குழந்தைகளைக் கொல்வதும் அபூர்வந்தானே? ஓர் அபூர்வத்தை மட்டும் தராசில் வைத்து, மறு தட்டை வெறுமையாக விட்டார்கள். 2001 அக்டோபரில் இங்கிலாந்தின் அரச புள்ளிவிவரக் கழகம் இந்த எண் செல்லாது என்று பகிரங்கமாக அறிவித்தது. மறைந்துகிடந்த வைத்தியச் சோதனைக் குறிப்பு ஒன்றும் வெளிவந்தது. 2003 ஜனவரியில் தீர்ப்பு ரத்தாகி அவர் விடுதலையானார். ஆனால் அந்த வேதனையிலிருந்து மீளவில்லை. 2007 இல் காலமானார். இரு குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்க்குச் சிறையையும் கொடுத்ததில் அந்தப் பெருக்கலுக்கும் பங்கு உண்டு.

இங்கே ஒரு சகோதரர் கேட்கலாம்: “எல்லாம் இறைவன் விதித்தபடி நடக்கும்போது வாய்ப்பு, தற்செயல் என்றெல்லாம் பேசலாமா?” மதரஸாவில் ஓதிய காலத்தில் நாமும் இதையே கேட்டிருப்போம். இன்று நமக்கு விளங்குவது இது: 10 இல் 1, 100 இல் 1 என்பவை அவனுடைய ஞானத்தின் அளவல்ல, நமது அறியாமையின் அளவு. தட்டில் எது கூழ்முட்டை என்பது அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று அளவோடு ஒப்புக்கொள்வதே இந்தக் கணக்கு. கல்லாவில் ஏன் குறைந்தது என்று நமக்குத் தெரியாதிருந்தது. அதைத் தெரியாது என்று சொல்லாமல், எண்ணாயிரம் என்ற எண்ணால் மூடிவிட்டோம். அறியாமை குற்றமல்ல, அறியாமையை எண்ணால் அலங்கரித்து அறிவு என்று நீட்டியது குற்றம்.

ஆகவே வியாபாரச் சகோதரர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ள விரும்புவது சிறிதே. ஒருவர்மேல் நல்லதையோ கெட்டதையோ சுமத்துமுன், இரண்டு காரியங்களுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் ராசி, நேரம் என்ற பேச்சை விடுங்கள். பல சம்பவங்களைச் சேர்த்து “இத்தனையும் தற்செயலா?” என்று கேட்குமுன், அத்தனைக்கும் பின்னால் ஒரே காரணம் நிற்கிறதா என்று பின்கட்டுவரை போய்ப் பாருங்கள். குறைந்த நாளைப் பார்க்கும் கண்ணாலேயே கூடிய நாளையும் பாருங்கள். கடன் கொடுக்கும்போது எத்தனை பேருக்கு என்று மட்டும் எண்ணாமல், அவர்கள் எத்தனை தூண்களில் சாய்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

அந்தப் பையன் பட்டர்வொர்த்தில் ஒரு ஜவுளிக்கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். “மன்னிச்சுட்டேன் முதலாளி” என்றான். திரும்ப வருகிறாயா தம்பி என்று கேட்டோம். “வேணாம் முதலாளி. அடுத்த தடவை கல்லா குறைஞ்சா நீங்க என்னை நினைக்காட்டியும், நீங்க நினைக்கிறதா எனக்குத் தோணும்” என்றான். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. முன் நடந்தது பின் நடப்பதை மாற்றிவிடும் என்பதை நமக்குச் சொல்லிக்கொடுக்க அவனுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

காசுக்கு ஞாபகம் கிடையாது, மனிதனுக்கு உண்டு. இதை மகளிடம் சொன்னோம். அவள் அதைக் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டாள்.